செங்கல்லில் எழுந்த தன்மானம்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு வீட்டின் வரலாறு இங்கே சொல்லப்படவிருக்கிறது. அது மன்னன் எடுப்பித்த மாளிகையன்று. மக்கள் வழிபடும் கோயிலுமன்று. அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரின் தென்பகுதியில், 58ஆம் தெருவும் உட்லான் சாலையும் கூடும் முனையில் நிற்கும் ஒரு செங்கல் வீடு. 1909ஆம் ஆண்டு கட்டத் தொடங்கப்பெற்று, 1910ஆம் ஆண்டு குடிபுகப்பெற்றது. மிதிவண்டித் தொழிலில் பொருளீட்டிய குடும்பத்தைச் சேர்ந்த பிரடெரிக்கு உரோபி என்னும் இளைஞர் தம் மனைவி மக்களோடு வாழ்வதற்கென எடுப்பித்தது. அவர் பெயராலேயே ‘உரோபி இல்லம்’ என வழங்குகிறது. அதனை வரைந்து அமைத்தவர் பிராங்கு இலாயிடு இரைட்டு என்னும் கட்டடக் கலைஞர்.

ஏழ்கடல் கடந்து நிற்கும் ஒரு வீட்டினால் தமிழர்க்கு ஆவதென்ன என்று கேட்கலாம். கேட்கத் தக்க கேள்வியே அது. அவ் வீடு வாய்திறவாமலே இரண்டு உண்மைகளைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. கடன்வாங்கிய கோலத்தைக் களைந்தெறிந்தவனே உலகுக்குப் புதியதொன்றைத் தருவான் என்பது முதல் உண்மை. அவ்வாறு தரப்பட்டதை வெறும் பட்டங்களும் பாராட்டுகளும் காவா. விழித்திருக்கும் மக்களின் உறுதியும், அவ்வுறுதியைத் தாங்கும் சட்டமுமே காக்கும் என்பது இரண்டாம் உண்மை. இவ்விரண்டையும் ஒவ்வொன்றாகக் காண்போர்க்கு அச் செங்கற்கள் வெறுங் கற்களாகத் தோன்றா.

அவ் வீடு எழுவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு, 1893ஆம் ஆண்டில், அதே சிகாகோ நகரில் மாபெரும் உலகக் கண்காட்சியொன்று நடந்தது. கொலம்பசு அமெரிக்கக் கரையை அடைந்த நானூறாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடுதற்காக அது நடத்தப்பெற்றது. உலகமெலாம் திரண்டு வந்து கண்டது. கண்டவர் வியந்தனர். எதைக் கண்டு வியந்தனர்? கிரேக்கத் தூண்களையும், உரோமை நாட்டு வளைவுகளையும், பாரிசு நகரத்துக் கலைக்கல்லூரி வகுத்த ஒப்பனைகளையும் கண்டு வியந்தனர். வெள்ளை வெளேரென்று நின்ற அக் கூடங்களுக்கு ‘வெள்ளை நகர்’ என்றே பெயராயிற்று. பார்வைக்குப் பளிங்கு, தட்டிப் பார்த்தால் சுதையும் சணல் நாரும் கலந்த பூச்சு! அடுத்த ஆண்டே, 1894இல், எஞ்சிய கூடங்களிற் பெரும்பாலானவை தீக்கிரையாயின.

புதிய கண்டம், புதிய மக்கள், புதிய தொழில்கள். ஆயினும் உடுத்துக்கொண்டதோ இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடைய பிறர் உடை. இதைக் கண்டு நொந்தவர் உலூயி சல்லிவன் என்னும் கட்டடக் கலைஞர். அக் கண்காட்சி தம் நாட்டுக் கட்டடக் கலைக்கு நெடுங்காலத் தீங்கை விளைத்துச் சென்றதென்று அவர் பிற்காலத்தே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவைத்தார். அந்தச் சல்லிவனிடம் தொழில் பயின்றவரே இரைட்டு.

கண்காட்சியின் தலைமைக் கட்டடக் கலைஞர் தேனியல் பர்னாம் செல்வாக்கு மிக்கவர். அவர் இளைஞர் இரைட்டை அழைத்து, பாரிசிலும் உரோமையிலும் சில ஆண்டுகள் பயின்று வருக, செலவும் குடும்பத்தின் வாழ்க்கையும் தம் பொறுப்பு, திரும்பியதும் தம்மோடு பணியிலமரலாம் என்று சொன்னதாக இரைட்டு தம் வரலாற்றில் குறித்திருக்கிறார். எத்துணைப் பெரிய வாய்ப்பு! மனைவியும் மக்களும் உடையவர், பணம் தேவைப்பட்டவர். ஆயினும் அவர் மறுத்துவிட்டார். பிறர் வகுத்த அச்சில் தம்மை வார்த்துக்கொள்ள அவர் உடன்படவில்லை. அந்த மறுப்பே பின்னாளில் உரோபி இல்லமாக எழுந்து நின்றது எனலாம்.

அமெரிக்காவின் நடுப்பகுதி பரந்த புல்வெளி நிலம். மலையில்லை, மேடில்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் வானும் நிலமும் கூடும் கிடைக்கோடு ஒன்றே. விசுகான்சின் மாநிலத்தில் 1867ஆம் ஆண்டு பிறந்த இரைட்டு அந் நிலத்திலே வளர்ந்தவர். அந்நிலத்தில் எழும் வீடு அந்நிலத்தின் இயல்பையே காட்டல் வேண்டும் என்பது அவர் கொள்கை. வானை முட்டும் கூரைமுகடுகளை அவர் வேண்டாவென்றார். வீட்டைத் தாழ்த்தி நீட்டினார். நிலத்தோடு நிலமாகப் படியவைத்தார். அந் நெறியில் அமைந்த வீடுகளுக்குப் ‘புல்வெளிப் பாங்கு’ என்று பெயராயிற்று. அப் பாங்கின் முடிமணியே உரோபி இல்லம்.

மனை மிகப் பெரிதன்று. அகலம் 60 அடி, நீளம் 180 அடி. நகரத் தெருமுனை ஒன்றில் அமைந்த நெடுங்கீற்று நிலம். அந்தக் கீற்றையே இரைட்டு வலிமையாக்கிக்கொண்டார். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்திய நெடும்பட்டைகள்போல் வீட்டை அமைத்தார். அடியில் சுண்ணக்கல் அடித்தளம். அதன்மேல் செங்கற் கைப்பிடிச் சுவர். சுவருக்குச் சுண்ணக்கல் முடி. அதன்மேல் நீண்ட மாடம். மாடத்தின்மேல் வரிசை வரிசையாகக் கண்ணாடிக் கதவுகள். அவற்றின்மேல் தாழ்ந்து நீண்டு வெளிவந்து நிற்கும் கூரை. எல்லாம் கிடைக்கோடுகள். புகைபோக்கி ஒன்றே நிமிர்ந்து நின்று அக் கோடுகளையெல்லாம் ஓரிடத்தில் தைத்து வைக்கிறது.

இனி அச் செங்கல்லைப் பாருங்கள். சுவரின் உள்ளீடு சிகாகோப் பகுதியில் யாவரும் பயன்படுத்திய எளிய செங்கல்லே. முகப்பில் மட்டும் நீண்டு மெலிந்த ஒருவகைச் செங்கல் பதிக்கப்பெற்றது. அதன் நீளம் ஏறத்தாழப் பன்னிரண்டு விரலம். உயரமோ இரண்டு விரலத்துக்கும் குறைவு. செம்மையும் மஞ்சளும் கலந்த நிறம். ஆங்காங்கே இரும்புத் துகள் வெந்து கருத்த புள்ளிகள். அந்தக் கல்லை அடுக்கியதில்தான் கலைஞனின் நுட்பம் விளங்குகிறது. கிடையாக ஓடும் சாந்து வரிகளை அகலமாக விட்டு, வெளிர்நிறச் சாந்திட்டு, சற்றே உள்வாங்கிச் சுரண்டச் செய்தார். அதனால் ஒவ்வொரு வரியிலும் மெல்லிய நிழல் விழுகிறது. செங்குத்தாக வரும் இணைப்புகளையோ மிகக் குறுக்கி, செங்கல்லின் நிறமே ஏற்றிய சாந்தினால் மேற்பரப்போடு நிரவிவிட்டார். எட்ட நின்று பார்ப்பவர்க்கு நிமிர்ந்த இணைப்பு ஒன்றும் தோன்றாது. சுவர் முழுவதும் நீண்டோடும் கோடுகளாகவே தெரியும்.

நன்கு எண்ணுங்கள். அவர் சுவர்மேல் ஒப்பனை ஒட்டவில்லை. பூ வேலை செய்யவில்லை. சுதையால் மூடவில்லை. செங்கல் செங்கல்லாகவே நிற்கிறது. சாந்து சாந்தாகவே நிற்கிறது. அப்பொருள்களுக்கு இயல்பாயமைந்த தன்மையிலிருந்தே அழகு பிறந்தது. வெள்ளை நகர் பளிங்காக நடித்தது, ஓராண்டில் அழிந்தது. இந்த வீடு தன்னைத் தானாகவே காட்டிற்று. நூறாண்டு கடந்தும் நிற்கிறது.

கூரையின் திறம் வேறொன்று. மேற்கு முகத்தில் அது தூண் எதுவும் தாங்காமல் வெளியில் நெடுந்தொலைவு நீண்டு தொங்குகிறது. காண்போர்க்கு அது மிதப்பதுபோலத் தோன்றும். உள்ளே மறைந்து ஓடும் நீண்ட எஃகு விட்டங்களே அதனைத் தாங்குகின்றன. இந்த நீட்சி வெறும் கண்காட்சிக்காக வந்ததன்று. தெற்கு நோக்கிய கூரையின் அளவு கதிரவன் போக்கறிந்து வகுக்கப்பட்டது. கோடையின் உச்சியில் நடுப்பகல் வெயில் கதவுகளின் அடியோடு நின்றுவிடும், உள்ளே நுழையாது. குளிர்காலத்திலோ கதிரவன் தாழ்ந்து செல்வதனால் வெயில் உட்புகுந்து அறையை வெதுவெதுப்பாக்கும். நிலத்தையும் வானையும் அறிந்து கட்டுவதென்பது இதுவே.

உரோபி தம் வீட்டுக்குச் சில வேண்டுகோள்களை வைத்திருந்தார். ஒளி நிறைய வேண்டும். பெட்டி பெட்டியாக அடைத்த அறைகள் கூடா. உள்ளிருப்பவர் தெருவைக் காணல் வேண்டும், தெருவிலிருப்பவர் உள்ளிருப்போரைக் காணல் ஆகாது. முன்னும் பின்னும் ஒவ்வாதனபோல் தோன்றும் இவ்வேண்டுகோள்களை இரைட்டு ஒருங்கே நிறைவேற்றினார். வாழும் அறைகளைத் தரையிலிருந்து ஒரு தளம் உயர்த்தினார். மாடத்தின் கைப்பிடிச் சுவர் தெருவிலிருந்து வரும் பார்வையைத் தடுக்கிறது. உள்ளிருந்து செல்லும் பார்வையைத் தடுப்பதில்லை. வாயிலும் தெருவை நோக்கி வாய்பிளந்து நில்லாமல், வடக்குப் பக்கத்தில் ஒதுங்கி அடக்கமாய் இருக்கிறது.

தாழ்ந்து குறுகிய அவ் வாயிலின்வழி நுழைந்து, படியேறி மேல்தளம் வந்தால், திடுமென ஒரு நெடுங்கூடம் விரிகிறது. ஒரு முனையில் அமர்ந்து பேசும் இடம், மறு முனையில் உண்ணும் இடம், நடுவே சுவரில்லை. செங்கல்லால் எழுப்பிய பெருங்கணப்பு ஒன்றே இரண்டையும் பகுக்கிறது. அக் கணப்பின் மேற்பகுதியிலும் ஒரு திறப்பு விடப்பட்டிருப்பதனால் கூரைப்பரப்பு தடையின்றி ஓடி இரண்டிடத்தையும் ஒன்றாக்குகிறது. பகுத்தும் பகாமலும் வைத்த நுட்பம் அது! வீட்டின் நடுவில் அடுப்பு. அதனைச் சூழக் குடும்பம். ஐரோப்பியப் பெருமனைகளின் வரவேற்புக்கூட முறையை விடுத்து, இல்வாழ்க்கையின் கருவையே வீட்டின் கருவாக வைத்தார்.

கதவுகளிலும் பலகணிகளிலும் மாழைக் கம்பிகளால் பிணித்த வண்ணக் கண்ணாடிகள் பதிந்துள்ளன. 29 வகை வரைவுகளில் 174 கண்ணாடிப் பலகங்கள் அவ்வீட்டுக்கென்றே செய்யப்பெற்றன. விளக்கும், விரிப்பும், மேசையும், நாற்காலியும்கூட வீட்டோடு ஒத்த ஓரமைப்பாகவே வகுக்கப்பட்டன. மூன்று வண்டிகள் நிற்கும் கொட்டிலும் வீட்டோடு சேர்த்தே கட்டப்பட்டது. மகிழுந்து அப்போதுதான் உலகுக்கு அறிமுகமாகிவந்த காலம் அது என்பதை மறவாதீர். தன் மண்ணில் கால்பதித்தவன் புதுமைக்குப் புறம்பானவன் என்பார் கூற்று எத்துணைப் பொய்யென்பதற்கு அக் கொட்டிலே சான்று.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். அந்தச் செங்கல்லின் வடிவமே உரோமையரிடமிருந்து பெயர் பெற்றதன்றோ? இரைட்டு சப்பானியர் ஓவியங்களையும் கட்டடங்களையும் பெரிதும் விரும்பியவரன்றோ? அவ்வாறிருக்க, அவர் கலை தூயதென்பது எங்ஙனம்? நல்ல தடையே. விடையும் தெளிவானதே. கற்பது வேறு, கடன்கொள்வது வேறு. கற்றவன் பிறர் அறிவைத் தன்னுள் செரித்துத் தன் குருதியாக்கிக்கொள்கிறான். கடன்கொண்டவன் பிறர் சட்டையைத் தன்மேல் மாட்டிக்கொள்கிறான். உரோமையர் செங்கல் இரைட்டு கையில் உரோமைக் கட்டடமாகவில்லை, புல்வெளியின் கிடைக்கோடாயிற்று. சப்பானியர் எளிமை சப்பானிய வீடாகவில்லை; சிகாகோக் குடும்பத்தின் வீடாயிற்று. தூய்மை என்பது கதவடைத்துக் கிடப்பதன்று. எதனை ஏற்றாலும் தன் இயல்பு கெடாது நிற்பதே தூய்மை.

அந்த மனிதர் குற்றமற்றவரென்று கூறுதற்கில்லை. வீடு முடியுமுன்னே, 1909ஆம் ஆண்டு, குடும்பத்தையும் தொழிலகத்தையும் விட்டு அவர் ஐரோப்பா சென்றுவிட்டார். எஞ்சிய பணியை முடித்தவர்கள் உடனுழைத்தோரே. மரியான் மகோனி என்னும் பெண் கட்டடக் கலைஞரும், அறைகலன் அமைப்பில் வல்ல சியார்ச்சு நீடெக்கனும் அவருள் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் பெயரால் நிற்கும் பெருஞ்செயல்களில் பலர் உழைப்பு புதைந்து கிடக்கும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. அவ் ஆண்டுகளில் இரைட்டின் வரைவுகள் பெர்லின் நகரில் தொகுத்து வெளியிடப்பெற்றன. எந்த ஐரோப்பாவிடம் கைகட்டி நின்று கற்க மறுத்தாரோ, அந்த ஐரோப்பாவின் இளங்கலைஞர்கள் அவர் ஏடுகளைப் புரட்டிக் கற்றனர்!

இனி இரண்டாம் உண்மைக்கு வருவோம். கட்டிய உரோபி அவ்வீட்டில் வாழ்ந்தது பதினான்கு திங்களே. தந்தை விட்டுச்சென்ற கடன்சுமையால் 1911ஆம் ஆண்டு விற்க நேர்ந்தது. கைமாறிக் கைமாறி, 1926ஆம் ஆண்டு கிறித்தவ இறையியற் கல்லூரி ஒன்றன் உடைமையாயிற்று. அக் கல்லூரிக்கு வேண்டியது மனைநிலமே. வீடு தற்காலிக மாணவர் விடுதியாகவும் உணவுக்கூடமாகவும் பயன்பட்டது. 1941ஆம் ஆண்டில் வீட்டை இடித்துவிட ஏற்பாடு நடந்தது. கட்டடக்கலை பயின்ற மாணவர் ஒருவர் தற்செயலாக அதை அறிந்து தம் ஆசிரியர்களிடம் சொன்னார். எதிர்ப்பு எழுந்தது, உலகப் போரும் வந்தது, இடிப்பு நின்றது.

1957ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கல்லூரி மீண்டும் அறிவித்தது: வீடு இடிக்கப்படும், மாணவர் விடுதி எழுப்பப்படும். அறியாதவர் செய்த அறிவிப்பன்று அது. கற்றோர் செய்த அறிவிப்பு. கல்வியின் பெயராலேயே கலை அழியவிருந்தது. அப்போது இரைட்டுக்கு அகவை 89. அம் முதியவர் தாமே சிகாகோவுக்கு வந்தார். தாம் இளமையில் எழுப்பிய சுவர்முன் இதழாளரைக் கூட்டி, வீடு உறுதியாக இருக்கிறது, இடிக்கக் கரணியமே இல்லையென்று எடுத்துரைத்தார். நாடெங்கும் குரல் எழுந்தது. 1958ஆம் ஆண்டு வில்லியம் செக்கண்டார்பு என்னும் நிலமனைத் தொழில் முதல்வர் வீட்டை விலைக்கு வாங்கினார். 1963ஆம் ஆண்டு சிகாகோப் பல்கலைக்கழகத்துக்கு அதை வழங்கினார். 1959ஆம் ஆண்டு மறைந்த இரைட்டு, தம் வீடு பிழைத்ததை அறிந்தே கண்மூடினார்.

அதே 1963ஆம் ஆண்டு அமெரிக்க நடுவணரசு அதனை நாட்டு வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் இங்கேதான் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நுட்பமொன்று உள்ளது. அவ் அறிவிப்பு ஒரு பெருமையே. தனியார் ஒருவர் தம் உடைமையைத் தம் செலவில் இடித்துக்கொள்வதைத் தடுக்கும் ஆற்றல் அதற்கில்லை. சிகாகோ நகரும் 1957ஆம் ஆண்டே சின்னங்களைத் தேர்ந்து போற்றக் குழு அமைத்தது. அதுவும் வெறும் போற்றுதலே. இடிப்பு இசைவை மறுக்கவல்ல சட்டத்தை அந் நகர் 1968ஆம் ஆண்டுதான் இயற்றிற்று. அச் சட்டத்தின்கீழ் உரோபி இல்லம் 1971ஆம் ஆண்டு சேர்க்கப்பெற்றது. பட்டத்துக்கும் காப்புக்கும் இடையே அத்துணை இடைவெளி!

அந்த இடைவெளியில் வீழ்ந்தவை எத்தனை! பபலோ நகரில் இரைட்டு கட்டிய இலார்க்கின் செங்கல் மாளிகை 1950ஆம் ஆண்டு தரைமட்டமாயிற்று. சல்லிவனின் காரிக்கு அரங்கம் 1961ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. சட்டம் வந்த பிறகும், நகரவை உறுதியாக நில்லாமையால், சல்லிவனின் சிகாகோப் பங்குமாற்றுக் கூடம் 1972ஆம் ஆண்டு இடிந்தது. அதன் ஒப்பனைத் துண்டுகளையேனும் மீட்போமென்று இடிபாட்டுக்குள் நுழைந்த இரிச்சர்டு நிக்கல் என்னும் ஒளிப்படக் கலைஞர் அவ் இடிபாட்டிலேயே புதையுண்டு மாண்டார். சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அதனை ஆள்வோர் நெஞ்சில் உறுதி வேண்டும் என்பதை அவர் சாவு எழுதிவைத்தது.

பிழைத்த வீடும் உடனே நலம் பெறவில்லை. பல்லாண்டு பல கைகளில் பட்ட காயங்கள் இருந்தன. 2002ஆம் ஆண்டு முறையான சீரமைப்புத் தொடங்கிற்று. முதலில் கூரையும் சுவரும் வலுப்படுத்தப்பட்டன, பின்னர் உட்புறம். பிற்காலத்தார் அடுக்கடுக்காய்ப் பூசிய வண்ணங்களைச் சுரண்டி ஆய்ந்து, முதல் வண்ணம் எதுவெனக் கண்டு, அதனையே மீண்டும் பூசினர். 2019ஆம் ஆண்டு பணி நிறைவெய்தியது. அவ் ஆண்டே யுனெசுகோ இரைட்டின் எட்டுக் கட்டடங்களை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. உரோபி இல்லம் அவற்றுள் ஒன்று.

மேலே படிந்த பூச்சைச் சுரண்டி முதல் நிறத்தை மீட்ட அவ் வேலையைக் கேட்டவுடன் தமிழன்பர் நெஞ்சில் தோன்றுவது யாதென்று சொல்லவும் வேண்டுமோ? மறைமலையடிகளும் பாவாணரும் தமிழுக்குச் செய்த பணி அதுவேயன்றோ! வேற்றுச்சொற் பூச்சு எத்துணை அடுக்கு ஏறினும், உள்ளே தமிழின் செங்கல் உறுதியாய் இருக்கிறது என்று அவர்கள் தட்டிக் காட்டினர்.

உரோபி இல்லத்தைக் காத்த சிகாகோப் பல்கலைக்கழகத்திலேயே தமிழும் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. அங்கே பணியாற்றிய ஏ.கே. இராமானுசன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1967ஆம் ஆண்டு வெளியிட்டார். அயலார் தம் வீட்டின் அருமையையும் அறிந்தனர். தமிழின் அருமையையும் அறிந்தனர். தமிழர் அறிந்தனரா என்பதே வினா.

2004ஆம் ஆண்டு இந்திய அரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தது. மகிழ வேண்டிய செய்தியே. ஆயின் அது பட்டம், காப்பன்று. சென்னை உயர் முறைமன்றத்தில் தமிழ் வழக்காடு மொழியாதல் வேண்டுமெனத் தமிழகச் சட்டமன்றம் 2006ஆம் ஆண்டு முடிவு நிறைவேற்றியது. அவ்வுரிமை இன்னும் கைகூடவில்லை. நாட்டுச் சின்னமென்று பெயர்ப்பலகை தொங்கவிட்டு, வீட்டை இடிக்க வாயில் திறந்துவைத்த நிலைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? பட்டம் வந்ததென்று உறங்கிவிட்டால், இடிப்பான் கடப்பாரை உறங்காது.

ஒரு மாணவர் கண்டுரைத்தார். ஒரு முதியவர் நேரில் வந்து நின்றார். மக்கள் குரல் கொடுத்தனர். ஒருவர் பொருள் தந்தார். நகர் சட்டம் செய்தது. கைவினைஞர் பதினேழாண்டு பொறுமையோடு சீரமைத்தனர். அதனால் ஒரு செங்கல் வீடு உலகின் உடைமையாயிற்று. வீட்டுக்கே இத்துணை விழிப்பு வேண்டுமெனின், கோடிக்கணக்கானோர் குடியிருக்கும் மொழிக்கு எத்துணை விழிப்பு வேண்டும்! பேச்சிலும் எழுத்திலும், கடைப்பலகையிலும் பிள்ளையின் பெயரிலும், பள்ளியிலும் முறைமன்றத்திலும் ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு கல்லாக அதனைக் காத்து நிற்பது ஒவ்வொரு தமிழரின் கடமை. அக் கடமை நாளைக்கு உரியதன்று; இன்றைக்கே உரியது.

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்!